மூணாவது தம்ளர்

குடிக்கிறேன் சாமி, குடிக்கிறேன். கிளாசக் கையில குடுத்துட்டு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா எப்பிடி? ஒட்டஞ்சத்திரம் மார்க்கெட்டுல திராட்சத் தரகு பாக்குற மயில்சாமி நாக்குல வச்சாலே எந்தத் தோட்டம்னு சொல்லிருவான்னு யாரு ஒங்ககிட்டச் சொன்னது? எழுதியே வச்சிருக்காரா? ரெமி பிரதரா? அவரு நோட்டுல எம்பேரு இருக்கா?

சரி, சரி. படிக்க வேணாம். அப்பறம் படிங்க.

இருங்க. ஏலே! கூடையத் தூக்கிப் போடாதலே, பழம் நசுங்குது! எத்தன தடவ சொல்றது? ஜன்னல் வழியாப் பாருங்க, திரும்பிக்கூடப் பாக்கல. விடுங்க, அது தெனமும் உள்ளதுதான்.

இந்தப் பழைய பாட்டில்ல இருக்கிறது என்னா திராட்சக் கொடின்னு தெரிஞ்சா மறுபடி நடலாங்கிறீங்க. நல்ல யோசனதான். பொறுங்க, சொல்றேன்.

நான் பழனிக்காரன். பஞ்சாமிர்தக் கடையில பழம் உரிச்சு வளந்தவன். விருப்பாச்சி மலைப்பழமா, கீழ்நாட்டுப் பழமான்னு தப்பாச் சொன்னா மொதலாளி கன்னத்துல ஒண்ணு விடுவாரு. அப்பிடிப் படிச்ச நாக்கு இது. பெறகு திராட்சைக்கு வந்தேன். பூசைக்குத் திராட்ச ரசம் போட இந்த மடத்துக்கு நாந்தான் பழம் கொண்டாந்தேன். மாகாணம் பூரா மதுவிலக்கு, பூசைக்குன்னா மட்டும் சர்க்காரு லைசென்சு குடுத்திருந்தாங்க.

அப்ப ரெமி பிரதருக்கு விசக்காய்ச்சல் கண்டுச்சு. பொழச்சுட்டாரு, ஆனா மோப்பம் போயிருச்சு. மல்லியப்பூவ மூக்குல வச்சுத் தேச்சாலும் ஒண்ணும் தெரியல. ரசம் போடுற மனுசனுக்கு மூக்கு இல்லேன்னா என்ன சோலி நடக்கும்? என்னயக் கூப்புட்டு, மயிலு, ஒன் நாக்கக் கொஞ்சம் குடுன்னாரு.

அய்யய்யோ, குடிக்கலீங்க! வாயில வச்சுச் சுத்திட்டுச் சட்டியில துப்பிருவேன். முழுங்குனதில்ல. ஒரே ஒரு தடவ தவுர. அதுக்கு வர்றேன்.

வெளிதேசத்துச் சாமிமாரு வந்தா ஆளுக்கொரு பாட்டில் கொண்டாருவாங்க. பேர்போன ஊரு சரக்கு இல்ல. யாரும் கேள்விப்படாத ஊரு, யாரும் நடாத கொடி. அதுதான் பிரதருக்கு உசுரு. ஒண்ணு ஏதோ தீவாம், நெருப்புக் கக்குன மலையோட சாம்பல்ல வெளஞ்சதாம். புது மண்சட்டியில மொதத் தண்ணி ஊத்திக் குடிச்ச மாதிரி இருக்குன்னேன். மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு! இன்னொண்ணு பனிமலைக்கு அந்தாண்ட. பானையில ஊத்திக் கழுத்து வரைக்கும் மண்ணுல பொதைச்சு வைப்பாங்களாம். துவர்ப்புன்னா துவர்ப்பு, புளியங்கொட்டத் தோல மென்ன மாதிரி. துப்புன பெறகு பாத்தா நாக்குல தேன் நிக்கிது.

எனக்கு எழுத்து தெரியாது சாமி. கத்தத் தெரியும், வெல பேசத் தெரியும். நான் சொன்னத ஒக்காந்து எழுதுன மொத ஆளு அவருதான். அவருக்குப் போயி...

பள்ளங்கி மலைச் சரிவுல மாயன்னு மலைவாசி ஒருத்தரு இருந்தாரு. தேனெடுக்கப் போனப்ப சோலை ஓரமா ஒரு திராட்சக் கொடி மரத்து மேல ஏறிக் கெடந்ததப் பாத்திருக்காரு. எந்தத் தொரை தோட்டத்துலருந்து குருவி கொண்டாந்து போட்ட வெதையோ. சின்னப் பழம், கருப்பு, தோலு தடிப்பு. குச்சி வெட்டியாந்து நட்டு, மூணு வருசத்துல சரிவு பூரா படரவிட்டுட்டாரு. மொதக் காய்ப்ப முதுகுல சொமந்துக்கிட்டு வெள்ளனே இந்தக் கேட்டுக்கு வந்தாரு.

நான் மறிச்சேன். எங்கிட்ட எறக்கு, உள்ள நான் பேசிக்கிறேன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, இதுக்கு நடுவுல ஆளு வேணாமுங்கன்னு போயிட்டாரு. அம்புட்டுத்தான் நடந்துச்சு. மார்க்கெட்டுல ஒரு பய என்னய அப்பிடித் தாண்டிப் போனதில்ல. ரசம் பக்குவமாகி வர்ற வரைக்கும் அந்தக் கோவம் எறங்கல.

பிரதரு மூணு தம்ளர் வச்சாரு. எது எதுன்னு சொல்லல. மொதத் தம்ளர் என்னோட கம்பத்துப் பன்னீருப் பழம், இனிப்பு மட்டுந்தான். ரெண்டாவது திண்டுக்கல் தோட்டம், அதுவும் நாங் கொண்டாந்தது. மூணாவது வாயில வச்சேன்.

மழ விட்டதும் சோலைக்குள்ள நடந்தா மக்குன எலையில ஒரு வாசம் வருமே, அது. அதுக்கு அடியில நாவப்பழம். அப்பறம் மலைத்தேனோட அந்தக் கசப்பு. துப்ப மனசு வல்ல சாமி. முழுங்கிட்டேன்.

பிரதரு பென்சிலக் கையில வச்சுக்கிட்டு எம்மூஞ்சியவே பாக்குறாரு, இப்ப நீங்க பாக்குற மாதிரி. கெட்டுப்போச்சு பிரதர்னேன். காடி மாதிரிப் புளிப்பு, பழமே கெட்ட ரகம், பூசைக்கு ஆகாதுன்னேன். இன்னொருக்க வச்சுப் பாரு மயிலுன்னாரு. வேணாம்னேன். எழுதிக்கிட்டாரு.

மாயனக் கூப்புட்டு, ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. மாயன் எம்பக்கம் திரும்பி, அம்புட்டு மோசமாங்கன்னு கேட்டாரு. ஆமான்னேன். மறுநா அருவாளோட ஏறிச் சரிவு பூரா வெட்டி, வேரத் தோண்டித் தீ வச்சுட்டாரு. சோலையில இருந்த தாய்க்கொடியக்கூட விடல. கெட்ட பழம் யாரு வயித்துக்கும் போயிறக் கூடாதாம்.

ஆமா சாமி, இந்தக் கிளாசுல இருக்கிறது அதுதான். மூக்குக்கிட்டக் கொண்டாரயிலேயே தெரிஞ்சுபோச்சு. நடுறதுக்கு இனிமே குச்சி இல்ல. மத்தத எல்லாம் கீழ ஊத்துன பிரதரு, ஒரு பாட்டில மட்டும் ஏன் எடுத்து வச்சாருன்னுதான் தெரியல. கேக்கலாம்னா, சைனாக்காரன் சண்டை வந்த வருசம் அவரும் கண்ண மூடிட்டாரு.

என்ன? நோட்டுல கீழ இன்னொரு வரி இருக்கா? படிங்க.

இன்னொருக்க படிங்க.

மயில்சாமி இதை மட்டும் துப்பவில்லை. அப்பிடியா எழுதிருக்காரு? பென்சில்ல இல்லையா, மையிலயா? அப்ப பெறகு யோசிச்சுத்தான் எழுதிருக்காரு. சரிவு எரிஞ்சு முடிஞ்ச பெறகு. அதுக்கப்பறமும் எத்தன வருசம் எங்கிட்டப் பழம் வாங்குனாரு, ஒரு வார்த்த கேக்கலியே...

மாயனயா? அவர எங்கயும் போயித் தேட வேணாம். சரிவு போச்சு, வேற பொழப்பு இல்ல, எரிச்ச அடுத்த மாசமே எங்கிட்டச் சொமை தூக்க வந்துட்டாரு. பத்து வருசமாச்சு. மொகத்தப் பாத்தாப் பேச்சு வராது, அதனாலதான் கத்திக்கிட்டே இருக்கேன். அந்தா, கூடை எறக்குறாருல்ல, அவருதான்.

நான் குடிக்கல சாமி. இந்தாங்க, கிளாச அப்பிடியே மேசையில வைங்க.

மாயண்ணே... மாயண்ணே, கூடை கெடக்கட்டும். கொஞ்சம் உள்ள வாங்க.