ஈரச்சாக்கின் குரல்

ஜெபா,

செல்வினுக்கு இஞ்சி போட்ட கட்டன் சாயா பிடிக்காது. அது உனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றேகால் வருஷம் நான் போட்டுக் கொடுத்ததை மறுபேச்சு இல்லாமல் குடித்தான். வண்டியில் பிளாஸ்க் என் பொறுப்பு, மாத்திரை என் பொறுப்பு, துண்டு என் பொறுப்பு. கட்டினவள் உன்னைத் தவிர வேறு யாரும் அவனை இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் அடக்கம் முடிந்த மறுவாரம் நீ கடைக்கு வந்தாய். திருவனந்தபுரம் பட்டத்தில் இருக்கும் அந்தத் தொண்டை டாக்டரிடம் போய்ப் பழைய ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வந்திருந்தாய். "இதுல போன வருசம் மார்ச் மாசம் தேதி போட்டிருக்கு அண்ணே. வாங்கிட்டுப் போனது யாருன்னு கேட்டேன், உங்க பேரச் சொன்னாவ. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். சரக்கு வந்திருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று நான் உள்ளே போய்விட்டேன். அது மரியாதை இல்லை. உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். தெரியும். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

ஆரியசாலையில் எங்கள் மிளகாய் வத்தல் கடைக்கு டைல்ஸ் போட வந்தவன்தான் செல்வின். தரையில் குந்தி உட்கார்ந்து பாடிக்கொண்டே வேலை செய்தான். கல்லாவில் இருந்த நான் கணக்கை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு பாஸ் கிட்டார் தெரியும்; பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. ஸ்ரீகுமாரை டிரம்ஸுக்குச் சேர்த்துக்கொண்டோம். கடை மாடியில் வத்தல் குடோனில் பயிற்சி. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வராமல் இருக்க ஜன்னல்களில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். ஈரச்சாக்கு என்பதே எங்கள் பேண்டுக்குப் பெயராகவும் ஆனது.

இரண்டு வருஷம் எங்களை ஒரு நாயும் சீண்டவில்லை. தம்பானூரிலும் கோவளத்திலும் ஹோட்டல் பார்களில் வாசித்தோம். செல்வினுடையது சர்ச் கொயரில் பழகிய குரல். துளி அழுக்கு கிடையாது, அவ்வளவு சுத்தம். பாரில் அது எடுபடவே இல்லை. ஒருநாள் முன் மேஜையில் இருந்த ஒரு ஆள், "எடோ, இது சர்ச்சோ பாரோ?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். செல்வினும் சேர்ந்து சிரித்தான். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசிப்போனது. அப்பா அதுவரை நூறு தடவை சொல்லியிருப்பார், வத்தல் வியாபாரி மகனுக்கு எதற்கு இந்தக் கூத்து என்று. அவர் சொன்னது சரியாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

போன வருஷம் ஜனவரியில் அவன் குரல் கட்டியது. சளி என்றுதான் நினைத்தோம். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் கழக்கூட்டம் பக்கத்துப் பாரில் ஒரு வெள்ளிக்கிழமை, சாரத்திலிருந்து விழுந்து செத்த அவன் அப்பாவைப் பற்றிய பாட்டைப் பாடினான். நூறு தடவை பாடிய பாட்டு. அன்று மேல் சுருதியில் குரல் கிழிந்தது. கிழிந்த இடத்தில் நிறுத்தாமல் பாடினான். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதை யாரோ வீடியோ எடுத்துப் போட, ஒரே வாரத்தில் என் போன் ஓயவில்லை.

அப்புறம் கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு. வாரத்துக்கு ஐந்து நாள் டெம்போ டிராவலரில்தான் வாழ்க்கை. மாதம் ஒன்றாம் தேதி கேரளத்தில் பார் கிடையாது என்பதால் அது ஒன்றுதான் எங்களுக்கு உறுதியான லீவு. மார்ச் ஒன்றாம் தேதி, அந்த லீவில், அவனை டாக்டரிடம் கூட்டிப் போனது நான்தான் ஜெபா. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார், கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். அவன் போனுக்கு அடிக்கடி சிக்னல் கிடைக்காது என்பதால் என் நம்பரைக் கொடுத்தோம்.

ரிசல்ட் வந்த அன்று நீயும் செல்வினும் மார்த்தாண்டத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். நான் மட்டும் போனேன். நான் அவனுக்கு யார் என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்றேன். கேன்சர் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து இரங்கி, தமிழும் மலையாளமுமாகப் பேசினார். "பேடிக்கேண்டா, பயப்படாதீங்க. ரொம்ப ஆரம்பம்தான். ஆறு ஏழு வாரம் ரேடியேஷன் கொடுத்தா போதும், ஆளு ரட்சப்படும். இந்தக் கரகரப்பு மாறிடும். பழைய சவுண்ட் திரும்ப வரும்."

அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். நோயை நினைத்து என்று நீ எண்ணுவாய். நானும் அப்படி எழுதியிருக்கலாம். பழைய சவுண்ட் என்ற வார்த்தைதான் காதிலேயே நின்றது. திரும்பவும் தம்பானூர், திரும்பவும் அந்தச் சிரிப்பு.

ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தேன். மறுநாள் செல்வின் வந்து கேட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு மக்கா?"

"சதை வளர்ச்சிதான். ஆவி பிடிக்கச் சொன்னாரு."

"அப்போ கொழப்பம் ஒண்ணும் இல்லியா?"

"ஒரு கொழப்பமும் இல்ல."

"நீ சொன்னா சரி," என்று என் தோளில் கை போட்டான். டாக்டரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நாகர்கோவிலில் வைத்தியம் பார்க்கிறோம் என்றேன்.

நிரந்தரமாக மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொச்சியில் பெரிய ஷோ ஒன்று இருந்தது. அது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அது முடிவதற்குள் கோயம்புத்தூரில் கூப்பிட்டார்கள். அதற்குப் பின் பெங்களூர். அங்கே ஒன்றாம் தேதியும் பார் உண்டு. எனவே ஒன்றாம் தேதிகளையெல்லாம் பெங்களூருக்குக் கொடுத்தேன். அதன்பின் டாக்டரைப் பார்க்க நாளே இல்லாமல் போனது. சொல்ல வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போனதே தவிர, வேறு ஒன்றுமில்லை.

ஓணம் கழிந்து ஒருநாள் அவன் வாய் துடைத்த வெள்ளைத் துண்டில் ரத்தம் இருந்தது. அடுத்த ஷோவுக்கு மெரூன் கலரில் ஒரு டஜன் துண்டு வாங்கினேன். மேடை வெளிச்சத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று சொன்னேன். எடுப்பாகத்தான் இருந்தது. டிசம்பரில் பெங்களூரில் பார்த்தால், கீழே நின்ற கூட்டம் முழுக்க மெரூன் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றியது. ஸ்ரீகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அப்பா, கடைக்கு வந்தவர்களிடம் முதல்முறையாக என் வீடியோவைக் காட்டினார்.

அந்த மாதம் பழவங்காடியில் நீ வேலை செய்யும் துணிக்கடைக்கு உன்னைப் பார்க்க வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "தூங்கும்போ மூச்ச இழுத்து இழுத்து விடுகாரு அண்ணே. எனக்குப் பேடியா இருக்கு. அந்த ரிப்போர்ட்ட ஒருக்கா காட்டுங்க, எங்க முதலாளி மக நர்சாக்கும், அவகிட்ட குடுத்து வாசிப்பேன்," என்றாய். குடோனில் எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றேன். அப்போது அது என் சட்டைப் பையில் இருந்தது. உன் கையில் கொடுத்துவிடத்தான் வந்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய். நீ கேட்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. நர்ஸ் என்றதும் மனசு மாறிவிட்டது.

நீ கோபப்படுவது நியாயம். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவனை இத்தனை ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? அவனையே கேட்டிருந்தால் அவனும் இதைத்தான் கேட்டிருப்பான். அவனை உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இந்த வருஷம் மே மாதம், கோழிக்கோட்டில் அவன் மேடையிலேயே மூச்சுத் திணறி விழுந்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் தொண்டையில் துளை, ஆபரேஷன், கழுத்தெல்லாம் கட்டி, எல்லாவற்றுக்கும் நீ கூடவே இருந்தாய். உனக்குத் தெரியாதது அன்று மேடை ஏறுவதற்கு முன் நடந்தது. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வெளியே ஆயிரம் பேருக்குக் குறையாது. அவனுக்குக் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"மக்கா, இந்தக் கரகரப்பு எனக்கு வெறுத்துப்போச்சு. பாட்டு எல்லாம் போகட்டும். கிறிஸ்துமசுக்கு ஜெபா பக்கத்துல நின்னு பழையமாதிரி கொயர்ல ஒருக்கா பாடணும். என் சத்தம் திரும்பி வருமா?"

வராது என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையோடேயே மேடைக்குப் போனான். கீழே விழும் வரைக்கும் பாடினானே, அப்படி ஒரு பாட்டை அவன் ஆயுசில் பாடியதில்லை. நீ வந்து கேட்டிருக்க வேண்டும், ஜெபா.

சிவதாணு