அப்பாசாமி மாமா எழுதச் சொன்ன விண்ணப்பம்

அவையை அழகுற நடத்திவரும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தமிழ்செல்வி அம்மா அவர்களே, அண்ணாமலையின் அடியில் பிறந்து, அம்மலையைச் சுற்றி வருவோர்க்கெல்லாம் நீரும் நிழலும் தரும் அடி அண்ணாமலைப் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, மேடையைப் பார்க்காமல் சுண்டல் அண்டாவையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரே, உங்கள் அனைவருக்கும் மதிவதனியின் வணக்கம்.

நம் நூலக வாசகர் வட்ட விழாவில், “பட்டம் வேலை தருமா?” என்ற தலைப்பில் பேசச் சொன்னார் செயலாளர் அறிவுமதி அண்ணன். மாட்டேன் என்றேன். வகுப்பில் வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்லவே குரல் வராதவள் நான். “நீ மெதுவாவே பேசு, மைக்கு கத்திக்கும்” என்றார். அப்படியும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒத்துக்கொள்ள வைத்தவர் வேறொருவர். அதோ, மூன்றாம் வரிசையில், துண்டை மடியில் போட்டு அமர்ந்திருக்கிறாரே, நம் அப்பாசாமி மாமா. பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் அவர் வெட்டிய இளநீரைக் குடிக்காத பக்தர் உண்டா? நேற்று அவரிடம் அனுமதி கேட்டேன். “என்னப் பத்தி பேசிக்கோ, எம்பேரையே சொல்லு. கிண்டல் மட்டும் கம்மியா பண்ணு” என்றார். கம்மியாகத்தான் செய்யப்போகிறேன், மாமா.

போன வியாழக்கிழமை ஒரு வெள்ளைத்தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். “மதி, காலேஜுக்கு ஒரு லெட்டர் எழுதணும். அபிநயாவோட டி.சி.ய வாங்கிக்கிறோம்னு எழுது” என்றார். அதோ, அவர் பக்கத்திலேயே இருக்கும் அபிநயா அவருடைய ஒரே மகள். பி.காம். இரண்டாம் ஆண்டு. இன்னும் ஓராண்டு போனால் பட்டதாரி.

“ஏன் மாமா?” என்றேன்.

“மூணு வருஷம் படிச்சி உனக்கே வேல கெடைக்கல. அவ படிச்சி என்னா ஆவப்போவுது?”

“மாமா, நான் பதினாலு மாசமா வேலைக்குப் போறேனே. தெனமும் காலைல நீங்க டீ குடிக்கிற எடத்துலதான பஸ் ஏறறேன்?”

“அது தெரியும்மா. செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துகிட்ட, ஏதோ விடுதில ஒக்காந்துட்டு இருக்க. நான் வேலையக் கேக்கறேன்.”

சிரிக்கிறீர்கள். சிரிக்கும் உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே வழக்கம்? அரசு முத்திரை இருந்தால் அது வேலை. இல்லாவிட்டால் அது ‘ஒக்காந்துட்டு இருக்கறது’. மாமாவை மட்டும் சொல்வானேன்? எங்கள் வீட்டு அருணகிரி, என்னைப் பெற்ற தந்தை, அதோ தூணுக்குப் பின்னால் மறைகிறாரே அவர்தான். “பொண்ணு என்னா பண்ணுது?” என்று யார் கேட்டாலும், “வேல தேடிட்டு இருக்குது” என்பார். சாப்பாட்டுப் பையோடு நான் வாசலைத் தாண்டிப் போகும்போதே சொல்வார்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பட்டம் வேலை தருமா?

என் பட்டம் எனக்குத் தரவில்லை. இந்த மேடையில் பொய் சொல்ல நான் வரவில்லை. பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அப்பா அதைக் கோயிலுக்கு எடுத்துப்போனார். அர்ச்சனைத் தட்டில் வைத்து வாங்கினார். மூலையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அந்த மஞ்சளோடு அப்படியே லேமினேஷன் செய்துவந்து, “இனிமே மழைல நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது” என்றார்.

மழைக்கு அது தப்பித்தது. மனிதர்களிடம் தப்பவில்லை. வேலைவாய்ப்பு முகாமில் ஒரு அதிகாரி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “என்னம்மா இது கறை?” “கறை இல்ல சார், மஞ்சள்.” “லேமினேட் பண்ணதை நாங்க வெரிஃபிகேஷனுக்கு எடுக்கறதில்லையே. பிரிச்சி எடுத்துட்டு வர முடியுமா?” பிரித்தால் பட்டமே இரண்டாகக் கிழியும். அடுத்தவரை அழைத்தார். இப்படி ஏறாத மாடியில்லை, எழுதாத தேர்வில்லை, கேட்காத கேள்வியில்லை. பதினோரு இடம். பதினோரு இடத்திலும் ஒரே பதில்: “சொல்லி அனுப்பறோம்.” அவர்கள் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

பன்னிரண்டாவது இடம்தான் அந்த விடுதி. உரிமையாளர் வேதா அம்மா என் கோப்பைத் திறக்கவே இல்லை. “வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கினா, அவங்க பாஸ்போர்ட், விசா விவரமெல்லாம் ஒரு நாளைக்குள்ள கவர்மெண்ட் வெப்சைட்டுல ஏத்தணும். தெரியுமா?” என்றார். தெரியும் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. “தெரியாதுங்க. விதிமுறையக் குடுத்தீங்கன்னா படிச்சிப் பாத்துட்டு செய்றேன்” என்றேன்.

“ஒனக்கு முன்னாடி வந்த நாலு பேரும் தெரியும்னாங்க. ரெண்டு பேரால எனக்கு நோட்டீஸ் வந்துச்சி. நீ நாளைக்கி வா” என்றார்.

தாய்மார்களே, அந்த விதிமுறை ஆங்கிலத்தில் பதினெட்டுப் பக்கம். என் வீட்டில் எனக்கு முன்னால் எவரும் பதினெட்டுப் பக்கத்தை எதிர்கொண்டதில்லை. நான் எதிர்கொண்டேன். கல்லூரியில் முதல் பருவத்தில் ஒரு பக்கம் புரிய ஒரு வாரம் அழுதவள், ஆறாம் பருவத்தில் அழாமல் படிக்கப் பழகியிருந்தேன். புரியாததைக் கண்டு ஓடாமல் உட்காரும் அந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தது எது? மூலையில் மஞ்சள் பட்ட அந்தக் காகிதமா? இல்லை. அதற்குப் பின்னால் இருந்த மூன்று ஆண்டு. இரண்டாம் ஆண்டோடு என்னை நிறுத்தியிருந்தால், அழுவதற்கு மட்டும்தான் கற்றிருப்பேன்.

இப்போது, நான் இன்னும் எழுதாமல் வைத்திருக்கும் மாமாவின் விண்ணப்பம். வீட்டிலேயே கல்லூரியில் படிக்கும் மகள் இருக்க, மூன்று தெரு தாண்டி அவர் என்னிடம் வந்தது ஏன்? கையெழுத்து அழகு என்றா? அபிநயாவின் கையெழுத்தைப் பாருங்கள், முத்துப் போலிருக்கும். அவளிடம் தாளைக் கொடுத்தால் ஒரு கேள்வி கேட்பாள். மதி வாயில்லாப் பூச்சி, கேட்காமல் எழுதிவிடுவாள் என்று நம்பி வந்தார். மாமா, நான் கேட்கிறேன். இவ்வளவு பேர் முன்னிலையில் கேட்கிறேன். டி.சி. விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன எழுதட்டும்? வசதியில்லை என்றா? வண்டி நிறைய இளநீர் வைத்திருக்கிறீர்கள். படிப்பு வரவில்லை என்றா? வகுப்பில் அவள் இரண்டாமிடம். மதிவதனிக்கு வேலையில்லை என்றா? அதை என் கையாலேயே எப்படி எழுதுவேன்?

மாமா எழுந்து நிற்கிறார். சற்று அமைதி, பின்வரிசைத் தம்பிகளே. சொல்லுங்கள் மாமா.

“பயம்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல. நாளைக்கி அவளும் படிச்சி முடிச்சிட்டு நிப்பா. ஊரே வந்து என்னக் கேக்கும். ஒங்கப்பன் மாதிரி நானும் தலையத் தொங்கப் போட்டுக்குனு பதில் சொல்லணும்.”

 இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நானில்லை. அப்பா, தூணை விட்டு வெளியே வாங்க. உங்களைத்தான் கேட்கிறார்.

“நான் என்னாத்த சொல்றது? கவர்மெண்ட் வேல இல்லியேன்னு... தப்புதான், மாப்ள. இனிமே எவன் கேட்டாலும் சொல்றேன். எம்பொண்ணு வேலைக்கிப் போவுது. பாஸ்போர்ட்டு பாக்கற வேல. அது கையெழுத்து இல்லாம எந்த வெள்ளைக்காரனுக்கும் ரூம் கெடையாது.”

கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொல்கிறார். பரவாயில்லை, பதினாலு மாதப் பாக்கி. கைதட்டலை நிறுத்துங்கள், மாமா இன்னும் உட்காரவில்லை.

“அப்ப அந்த லெட்டரு வேணாம், மதி.”

கேட்டீர்களா, அவையோரே? பட்டம் வேலை தருமா என்று இனி எந்த ஊர் மேடையிலும் கேளுங்கள், நம் ஊர் மேடையில் கேட்காதீர்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வேலையில்லை என்று சொல்லும் வழக்கத்தை நாம் விட்டாலே, பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மீதிப் பாதியை அபிநயா படித்துப் பார்த்துச் சொல்வாள். அதற்கு அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு வேண்டும். அந்த ஓர் ஆண்டை இன்று அவளுடைய அப்பா தந்துவிட்டார்.

அபிநயா, திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் பேருந்து. எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வை.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், சபையில் எழுந்து நின்று உண்மை சொன்ன இரு தந்தையர்க்கும் என் நன்றி உரியது. வணக்கம்.