வீட்டுக்கும் மேடைக்கும் ஒரே பெட்டி

டாக்டரம்மா, உங்கள் ஆஸ்பத்திரிப் படிவத்தில் எட்டாவது கேள்விக்கு ஒரே ஒரு கோடுதான் விட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்துக்கு அதில் நாலு வார்த்தைகூடப் பிடிக்காது. அதனால்தான் இந்தத் தாள்களைத் தனியாகப் பின் குத்தித் தருகிறேன். உங்கள் மேசையில் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று கிடந்ததைப் பார்த்தேன், எனவே தமிழிலேயே எழுதுகிறேன்.

நோயாளி எந்த வகைச் சத்தத்தில், எவ்வளவு அருகில், எத்தனை மணி நேரம் இருந்தார் என்பது கேள்வி. சுதீருக்கு இப்போது எதிரே நின்று பேசினாலே பாதிதான் விளங்குகிறது. அதனால் கூட வந்த என்னை நிரப்பச் சொன்னீர்கள். ஒற்றை வரியில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் போன வாரம் அவனைச் சோதித்துவிட்டு நர்ஸிடம் தெலுங்கில் ஒன்று சொன்னீர்கள். இவனுக்குக் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற இந்த ஆம்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் சத்தத்தைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாதவன் என்றீர்கள். நான் புத்தூர்க்காரன். எனக்குத் தெலுங்கும் தமிழும் ஒன்றுதான். தேர்ந்தெடுத்தவன் நான். அந்தப் பேச்சை மட்டும் திருத்திவிட வேண்டும்.

என் பெயர் கோவர்த்தனன். நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் கல்யாண வரவேற்புகளிலும் ஜாத்திரைகளிலும் கச்சேரி செய்யும் சீனுவின் ஆர்கெஸ்ட்ராவில் பத்தொன்பது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் மாதிரிக் குழுக்களில் பேஸ் கிட்டாருக்கென்று தனியாக ஆள் வைத்துக்கொள்வதில்லை. கீபோர்டுக்காரனின் வலது கை மெட்டை வாசிக்கும். பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த ஒலியை இடது கை பார்த்துக்கொள்ளும். அந்த இடது கைக்கு யாரும் கைதட்டியதில்லை. கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு ஐஸ்கிரீம் எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். நான் அதையெல்லாம் எதிர்பார்க்கிறவனும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சுதீர் வந்து சேர்ந்தான். ரேணிகுண்டாவில் வீட்டிலேயே மொபைல் ரிப்பேர் செய்கிறவன். அந்த மொபைலில் வீடியோ பார்த்தே பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டானாம். நாலு கம்பி, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம். அதற்குப் போய் ஒரு முழு ஆள், ஒரு முழு நாற்காலி, ஒரு முழுச் சாப்பாடு. முதல் ஒத்திகை முடிந்ததும் சீனு என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்: "கோவர்த்தனா, இனிமே லெஃப்ட் ஹேண்டை சும்மா மடியில வெச்சிக்கோ."

வைத்துக்கொண்டேன். மேடையில், விளக்கு வெளிச்சத்தில், மடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவமானமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் பாடகி பிரமிளா வேறு, "இப்பதாண்ணா பாட்டுக்கே உசுரு வந்துக்குது" என்றாள், என்னிடமே. அதுவரை அவள் பாடியதெல்லாம் பிணம் போலிருக்கிறது.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அவன் நன்றாக வாசித்திருந்தால் நானே ஒதுங்கியிருப்பேன். அவனுக்குத் தாளமே கிடையாது. சித்தூரில் ஒரு வரவேற்பில் பாட்டுக்கு நடுவே கரண்ட் போய்விட்டது. எல்லோரும் நிறுத்திவிட்டோம். இவன் மட்டும் காலைத் தட்டிக்கொண்டே நின்றான். ஜெனரேட்டர் வந்ததும் அவன் காலைப் பார்த்து டிரம்மர் சரியாகப் பிடித்துக்கொண்டான், கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. அது குருட்டு அதிர்ஷ்டம். அதையெல்லாம் தாளம் என்று சொல்ல முடியாது.

அவனிடம் சொந்த ஆம்ப் இல்லை. வீட்டில் பழகவும் மேடையில் வாசிக்கவும் நல்லதாக ஒன்று வாங்க வேண்டும், நீதான் வந்து எடுத்துத் தரணும் என்று என்னிடமே கேட்டான். "எனக்கு இன்னாண்ணா தெரியும், நீ சொல்றதுதான்." உண்மைதான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. பேஸ் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் பெட்டி மேல் போட்டிருக்கும் வாட்ஸ் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், புளி வாங்கும்போது எடை பார்ப்பது மாதிரி.

திருப்பதியில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்லவர், சரியாகத்தான் சொன்னார். வீட்டில் பழக முப்பது வாட்ஸ் சின்னப் பெட்டி போதும், ஹெட்ஃபோன் மாட்டும் துளையும் இருக்கிறது. மேடைக்குத் தனியாகப் பெரியதாக ஒன்று, அதுவும் மேடை ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் மிக்சருக்கு ஒயர் கொடுத்துவிட்டால் உரக்க வைக்கவே தேவையில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும் டாக்டரம்மா. கடைக்காரர் வாயைத் திறப்பதற்கு அரை மணி முன்பே தெரியும். சுதீர் அந்தச் சின்னப் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதை எடுத்து மறுபடி அலமாரியிலேயே வைத்தேன். "இது சின்னப் பசங்க வெச்சிக்கறது. வீட்லயும் மேடையிலயும் ஒரே சத்தம் கேட்டாதான் கை பழகும்" என்றேன். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான். ஐந்நூறு வாட்ஸ் ஆம்பும் அவன் இடுப்பு உயரத்துக்கு நாலு ஸ்பீக்கர் வைத்த பெட்டியும் அன்றைக்கே ஆட்டோவில் ஏறின.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவன் குடியிருப்பது ரயில்வே லைன் ஓரம், மொட்டைமாடியில் ஒற்றை அறை. பத்துக்கு எட்டு. ஒரு பீரோ, ரிப்பேர் மேசை, கூரைக் கொக்கியில் குழந்தைக்குப் புடவைத் தூளி. பெட்டியை எங்கே வைப்பது என்று அவன் கேட்டான், நானே வைத்துக் கொடுத்தேன். மூலையில் வைத்தால் சத்தம் இரண்டு பங்காகத் திரும்பி வரும், மூலையில் வைத்தேன். தரையில் வைத்தால் காலோடு போய்விடும், மேசை மேல் ஏற்றினேன். ஜன்னலுக்கு மெத்தை வைத்து அடைக்கச் சொன்னேன், அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வரக்கூடாதே. அந்தத் தெரு கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் ஊறிய தெரு, யாரும் வரவில்லை.

அடித்தொனி மட்டும் அவ்வளவு சீக்கிரம் காதைக் கெடுக்காது. உங்களுக்கு இது தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். கெடுப்பது கூர்மையான மேல் சத்தம். அந்தப் பெட்டிக்குள் அதற்கென்றே ட்வீட்டர் என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. பேஸ் வாசிக்கிறவர்கள் பலர் அதைக் குறைத்துத்தான் வைப்பார்கள். நான் முழுசாகத் திருகி வைத்தேன். என் கீபோர்டிலிருந்து டிரம்ஸ் தாளங்களை, தாம்பாளத்தைத் தட்டுவது மாதிரிச் சிலம்புகிற சிம்பலோடு, அவன் மொபைலில் ஏற்றிக் கொடுத்து, அதையும் அதே பெட்டியில் போட்டு அதனோடு வாசிக்கச் சொன்னேன். தினமும் மூன்று மணி நேரம். சொன்னால் சொன்னபடி செய்கிற பையன். மேடையிலும் அப்படித்தான். என் கீபோர்டுப் பெட்டியின் மேல் அவன் ஸ்பீக்கரை ஏற்றினால் ட்வீட்டர் நேராக அவன் வலது காதுக்கு வரும். இரண்டடி தூரம். எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு மாதத்தில், கச்சேரி முடிந்த பிறகு காதில் விசில் மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கினே கீது என்றான். காது பழகிக்கொள்கிறது, எல்லா வாசிப்புக்காரனுக்கும் வரும் என்றேன். சந்தோஷப்பட்டான். தானும் வாசிப்புக்காரன் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

அவன் மனைவி கன்னிகா கொஞ்சம் விவரமானவள். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். அவள் போய்விட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது சுதீர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, வேலையிடத்தில் காதுக்குக் கொடுக்கிற ஆரஞ்சு நிறப் பஞ்சடைப்பானைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு ஜோடி. இன்னொரு ஜோடி யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"எங்க கம்பெனில இது இல்லாம உள்ளயே வுடமாட்டாங்கண்ணா. இவரு போட்டுக்கலாமா?"

"அது மெஷின்கிட்ட நிக்கறவங்களுக்கும்மா" என்றேன். "வாசிக்கறவன் காதை மூடிகினா எப்படி வாசிப்பான்? பார்க்கறவன் சிரிப்பான்."

சுதீர் சிரித்தான். அவள் அதை டிபன் பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டாள். நான் சென்னையில் காதுக்கு அச்செடுத்துச் செய்த அடைப்பான்களைப் பதினோரு வருடமாக முடிக்குள் மறைத்துப் போட்டுக்கொள்கிறேன். அன்றைக்கும் என் சட்டைப் பையில் இருந்தன. உங்கள் நர்ஸ் என் காதைச் சோதித்தால் இருபது வயதுக்காரன் காது என்பார்.

குழந்தையைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னான், பெருமையாக. "மொதல்ல நான் வாசிச்சா அழுதுகினே இருப்பாண்ணா. இப்போ அந்தச் சத்தத்துலயே தூங்கறா. கூட்ஸ் வண்டி போனாக்கூட முழிக்கமாட்டா." தூளி அந்த மேசைக்கு மூன்றடி தள்ளித்தான் தொங்கியது. வாசிப்புக்காரன் பெண்ணாச்சே என்றேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. சரியாகக் கேட்கவில்லை என்று அவனே சத்தத்தைக் கூட்டுவான். கூட்டியதால் இன்னும் குறையும். குறைந்ததால் மறுபடி கூட்டுவான். ஆம்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், பொய்யில்லை.

இந்த வருடம் நகரி ஜாத்திரையில் ஒரு பாட்டை முழுக்க முழுக்கத் தப்பான சுருதியில் வாசித்தான். பிரமிளா பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் கூச்சலிட்டது. அந்தக் கூச்சலும் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை, பாராட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தான். சீனு போய்க் கையைப் பிடித்து நிறுத்தினான். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து சுதீர் அழுதான். அவனுக்கு ஆறுதல் சொன்னது நான். டாக்டரிடம் போகலாம், நான் கூட வருகிறேன் என்றதும் நான்தான். அவனை எனக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த கச்சேரியிலிருந்து என் இடது கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. கூட்டத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிரமிளா மட்டும் சுதீர் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே பாடுகிறாள். தெரியாதவர்களுக்கு வாசித்துத் தெரியாதவர்களோடு வாழ்கிறேன், பழகிவிட்டது.

ஆக, அறியாமல் நடந்த தவறு என்று நீங்கள் எழுதப்போவதை அடித்துவிடுங்கள். தெரிந்துதான் செய்தேன். எத்தனை வாட்ஸ், எத்தனை அடி, எத்தனை மணி நேரம், எல்லாம் கணக்குப் பண்ணித்தான் அவன் காதைக் கெடுத்தேன். இதைப் போலீசில் கொடுப்பதானாலும் கொடுங்கள். வாட்ஸுக்கும் வோல்ட்டுக்கும் வித்தியாசம் தெரிந்த எஸ்.ஐ. கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

மற்ற கேள்விகளையும் நிரப்பிவிட்டேன். கடைசிக் கேள்வி, வீட்டில் வேறு யாருக்காவது காது கேட்பதில் குறை உண்டா என்பது. இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

சுதீர் உள்ளே கண்ணாடிக் கூண்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கன்னிகாவுக்கு ஷிப்ட், அதனால் குழந்தை என்னோடு இந்த பெஞ்சில் இருக்கிறது. தூளியில் போட்டபோது இரண்டு மாதம், இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாதுவான குழந்தை. அந்தப் பக்கம் திரும்பி பிஸ்கட் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தது. பொழுது போகட்டும் என்று அதன் பின்னால் நின்று தாளம் போட்டேன். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், குழந்தை மட்டும் தலையைத் தூக்கவில்லை. மைத்ரேயி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அதற்கும் இல்லை. அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறது டாக்டரம்மா, தாளத்தில் கொஞ்சமும் நாட்டமில்லை.