உலைக்குள் போன நாடா

தலைமை தாங்கும் பள்ளிக்கூட அதிபர் சிவலட்சுமி அம்மா அவர்களே, கொழும்பிலிருந்து இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பேராசிரியர் நல்லதம்பி ஐயா அவர்களே, நெடுங்கேணிச் சனங்களே! கையெழுத்துப் போடத் தெரியாத கொல்லன் ஆண்டியப்பன் பேசுகிறேன். கையில் கடதாசி இல்லை. நடந்ததெல்லாம் நினைவில் இருக்கிறது.

எண்பத்து மூன்று ஆவணியில், கொழும்புக் கலவரத்துக்குத் தப்பி, ஆராய்ச்சியாளர் யோகநாதன் மாஸ்டர் ஒரு பிஸ்கட் டின்னோடு பஸ்ஸால் இறங்கினார். என் வளவில் அறை எடுத்தார். நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தார். டின்னுக்குள் அவரே செய்த ஐந்து உலோக நாடாக்கள். உருக்கிய உலோகத்தைச் சுழலும் செப்புச் சில்லில் ஊற்றினால், கண் இமைக்க முன் உறையுமாம். அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரம் கிடைக்காதாம். கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுமாம்.

நம்பினோமா? யார் நம்பினோம்? வெடிச் சாமான் என்றார் ஒருவர். உளவாளி என்றார் இன்னொருவர். என் ஐமிச்சம் வேறு. காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த உருக்கை வளைத்தால் ஒடியும். இதுவோ கடதாசி போல மடங்குகிறது. மாஸ்டர் புளுகுகிறார் என்றே நினைத்தேன்.

சோதித்துப் பார்க்க, அவர் பள்ளிக்கூடம் போன நேரம் ஒரு நாடாவை உலையில் காட்டினேன். ஆறியதும் நுனி ஒடிந்தது. பயந்துபோய், மிச்சத்தைச் சாம்பல் தொட்டு மினுக்கி, டின்னில் வைத்தேன்.

அந்த நாடாவைத்தான் மாஸ்டர் பரிசோதனைக்கு வெளிநாடு அனுப்பினார். தை மாதம் பதில் கடிதம் வந்தது. மாஸ்டர் அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நான் எழுதின மாதிரி அது வேலை செய்யேல்லையாம், அண்ணை. சூடு கண்டு அணுக்கள் வரிசைக்கு வந்தாத்தான் அப்பிடி ஆகும். ஆர் சூடு காட்டினது? என்னைப் பொய்யன் எண்டு நினைக்கினம். இன்னொண்டு அனுப்பினாலும் பாக்க மாட்டினம்."

"எனக்கென்ன தெரியும், மாஸ்டர்?" என்றேன்.

இரண்டு வருடம் அப்படியே இருந்தேன். போன கிழமை காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. பேராசிரியர் ஐயா, நேற்று என் வளவு வாசல் படலையடியில் நீங்கள், "கெட்டிக்காரன்தான், ஆனா அந்த முடிவு கொஞ்சம் சந்தேகம்" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

ஐயா, பொய்யன் அவரல்ல. நான்.

இதோ அந்த டின். மிச்சம் நாலும் உலை காணாதவை. மூன்றைக் கொண்டுபோய் அளந்து பாருங்கள். கோபிக்க வேண்டாம், உங்களையும் நான் முழுக்க நம்பவில்லை. நாலாவது அதிபர் அம்மாவின் அலுமாரியில் பூட்டியிருக்கட்டும்.

முடிவு வந்ததும் யோகநாதன் மாஸ்டரின் பேரோடு இதே மண்டபத்தில் உரக்க வாசிக்க வேண்டும். அதுவரை நான் உயிரோடு இருப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை கேட்டால் ஒரு சொல்லும் மறக்க மாட்டேன்.