மேலே சிவப்பரிசி

டைட்டஸ்: நல்ல கையெழுத்துல எழுதித் தரத்தான சொன்னேன் பெமிலா. இப்படி வெட்டித் தள்ளவா சொன்னேன்?

பெமிலா: பாதியத்தான் அடிச்சிருக்கேன் மாமா. மீதி இருக்கு.

டைட்டஸ்: ஏட்டி, அது நேசபாய் அக்காளுக்க வாழ்க்கைக் குறிப்பு. நாளைக்கு நினைவு ஆராதனையில நீதான் வாசிக்கணும். அவியளுக்க மகன் அனீஷ் மஸ்கட்டுல இருந்து வாட்ஸ்அப்புல அனுப்பினது.

பெமிலா: நீங்க வாசிச்சுப் பாத்தியளா? மகனுக்க கம்பெனி பேரு இருக்கு. மருமகனுக்க கம்பெனி பேரு இருக்கு. பேரன் கனடாவுல எந்தக் காலேஜுன்னு இருக்கு. கோயிலுக்கு நாலு ஃபேன் தந்தது இருக்கு. நேசம் பெரியம்மை எங்க இருக்காவ?

டைட்டஸ்: தொடக்கத்துலயே இருக்கே... "அன்னார் இரணியலில் பிறந்து..."

பெமிலா: பிறந்தாவ, கெட்டிக் குடுத்தாவ, செத்தாவ. நடுவுல எண்பத்திமூணு வருசமும் ஃபேனுக்கு அடியிலயா இருந்தாவ?

டைட்டஸ்: சிரிக்க வைக்காத பிள்ள. நான் சபைச் செயலாளர். குடும்பத்துக்காரவ தந்தத மாத்தினா என்னத்தான் பிடிப்பாவ.

பெமிலா: ஃபேனத் திரும்பப் போட்டுருகேன். ஒரு பத்தி மட்டும் சேக்கணும். பிடியரிசி விசயம்.

டைட்டஸ்: பிடியரிசியா... அதுல எழுத என்ன இருக்கு? சோறு பொங்கும்ப எல்லாரும் ஒரு பிடி எடுத்து டின்னுல போடுகாவ. மாசக் கடைசி ஞாயிறு கோயிலுக்கு வருது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.

பெமிலா: வந்த பெறவு நீங்க தராசுல வச்சு, இன்ன வீடு இத்தன கிலோன்னு மைக்குல வாசிப்பிய. அதையும் சேத்துச் சொல்லுங்க.

டைட்டஸ்: அது எங்க அப்பன் காலத்து வழக்கம்...

பெமிலா: கேடுகெட்ட வழக்கம். காணிக்கைய கவருல போட்டு ஒட்டிக் குடுப்பாவ, எவ்வளவுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அரிசிய மட்டும் மைக்குல சொல்லணும். இல்லாதவ அந்த பெஞ்சுல எப்படி இருப்பா?

டைட்டஸ்: இல்லாதவ யாரு? எல்லா டின்னுலயும் ஒரு கிலோவாவது இருக்கும். நான்தான தூக்கினேன்.

பெமிலா: இருக்கும். அது எப்படி வந்துதுன்னு தெரியுமா?

டைட்டஸ்: ...சாயாவக் குடி. ஆறிப்போவும்.

பெமிலா: சனிக்கிழமை சாயங்காலம் பெரியம்மை வீடு வீடாப் போயி டின்ன வாங்குவாவ. "நாளைக்கு நீ பிள்ளையள இழுத்துக்கிட்டு வரணும், இது எதுக்குக் கூடுதல் சுமடு, நான் கொண்டு போறேன்"னு. கால்வாய்க்கரையில கூடைய இறக்கி வைப்பாவ. தனக்க டின்னத் திறந்து, கொறஞ்ச டின்னுல எல்லாம் கொட்டுவாவ.

டைட்டஸ்: நீ பாத்தியா?

பெமிலா: கண்ணால பாத்தேன். ஒம்பது வயசு எனக்கு, குளிக்கப் போயிருந்தேன். "நீ ஒண்ணும் பாக்கல்ல, கேட்டியா"ன்னாவ. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி திங்க ரெண்டு முந்திரிக்கொத்துப் பலகாரம் தந்தாவ.

டைட்டஸ்: அப்பம் நீ லஞ்சம் வாங்கினவ.

பெமிலா: ஆமா. நல்ல முந்திரிக்கொத்து. பதினஞ்சு வருசம் வாயத் திறக்கல்ல.

டைட்டஸ்: இனியும் திறக்காத. எந்தெந்த வீட்டு டின்னுன்னு சனம் கேக்கும். அந்தப் பொம்பளையள் முகத்த எங்க கொண்டு வைப்பாவ?

பெமிலா: ஒரு வீட்டுப் பேரு மட்டும்தான் சொல்லப்போறேன்.

டைட்டஸ்: எந்த வீடு?

பெமிலா: எங்க வீடு.

டைட்டஸ்: ...உனக்க அம்மை ரோஸ்லெட்டுக்குத் தெரியுமா?

பெமிலா: நேத்து அம்மைகிட்ட கேட்டேன். அம்மை வேலைக்குப் போற முந்திரி ஆபீஸ் அடைச்சுக் கிடந்த மாசமெல்லாம் எங்களுக்கே சோறு கிடையாது. "நாலு பிடிதான் போட்டேன், மைக்குல ஒரு கிலோன்னு வருது, டைட்டஸுக்குக் கண்ணு போச்சோன்னு நெனச்சேன்"னா. பெறவுதான் ஆளு யாருன்னு புரிஞ்சுதாம். கேட்டா பெரியம்மை சங்கடப்படுவாவன்னு இவளும் கேக்கல்ல.

டைட்டஸ்: இப்பம் என்ன சொன்னா?

பெமிலா: "வாசி. ஆனா நாலு பிடி நான் போட்டேன்னும் வாசி, வெறும் டின்னுன்னு சொல்லிராத"ன்னா.

டைட்டஸ்: அது நேருதான். அடியில நாலு பிடி எப்பமும் கிடக்கும். வெள்ள ரேஷன் அரிசி.

பெமிலா: ...இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

டைட்டஸ்: தராசு பிடிக்கவனுக்குக் கண்ணு இல்லியா? டின்னச் சாக்குல தட்டும்ப முதல்ல செவப்பரிசி விழும், பெறவு ரேஷன் அரிசி விழும். நம்ம சபையில சொந்த வயலுல விளைஞ்ச செவப்பரிசி பொங்குகது நேசம் அக்கா ஒருத்திதான். உங்க டின்னு, குளத்தங்கர வீட்டு டின்னு, இன்னும் ரெண்டு... எல்லாத்துலயும் மேல செவப்பு, அடியில வெள்ள.

பெமிலா: நல்ல ஆளு மாமா நீங்க. எல்லாம் தெரிஞ்சுகிட்டா இவ்வளவு நேரம் என்னப் பேசவிட்டிய?

டைட்டஸ்: நீ சொல்லும்ப கேக்க நல்லா இருந்துது.

பெமிலா: பின்ன என்னத்துக்கு எழுதாதன்னு மல்லுக்கு நிக்கிய?

டைட்டஸ்: குடும்பத்துக்காரவ...

பெமிலா: அனீஷ் அண்ணன்கிட்ட நான் பேசுகேன். அம்மையும் சம்மதிச்சாச்சு. வேற யாருக்கு என்ன நட்டம்?

டைட்டஸ்: நீ வாசிச்சா சனம் அதோட விடாது. அடுத்த கேள்வி கேக்கும்.

பெமிலா: என்ன கேள்வி?

டைட்டஸ்: எம்.காம். படிச்சவதான நீ. அக்காளுக்க டின்னுக்கு நான் மாசாமாசம் என்ன வாசிப்பேன்?

பெமிலா: மூணு கிலோ. நேசபாய், மூணு கிலோ. எனக்கே மனப்பாடம்... இருங்க மாமா. நாலு வீட்டு டின்னுலயும் கொட்டின பெறவு அவியளுக்க டின்னுல என்ன மிச்சம் இருக்கும்?

டைட்டஸ்: ஒரு மணி இருக்காது மக்கா. தூக்கும்ப கையில பாரமே தெரியாது. மூடியத் திறக்காமத் தராசுல வச்சு, மூணு கிலோன்னு வாசிப்பேன். இருபது வருசமா, ஆல்டருக்கு முன்ன நின்னு, மைக்குல. முதல் தடவ வாசிச்சப்பம் அக்கா நிமிந்து என்னப் பாத்தாவ. பெறவு பாட்டுப் புத்தகத்தத் திறந்துகிட்டாவ... செரி, எழுது. எனக்க பொய்யையும் சேத்தே எழுதிக்கோ.