எவால்ட் சொன்ன "மாட்டன்"

கனகாலத்துக்கு முந்தி, எங்கட சனம் ஒருத்தரும் ஜெர்மனிப் பக்கமே வராத காலத்தில, இந்த ஹோல்ட்டன்பெக் ஊரில எவால்ட் எண்டொருத்தன் இருந்தவனாம். காலமை நிலக்கரிச் சுரங்கம், பின்னேரம் உதைபந்து. ஒன்பதாம் நம்பர். முன்னுக்கு நடுவில நிண்டு அடிக்கிறவன். அவன்ர காலுக்குப் பந்து வந்தால் கோல்தானாம், பிறகு கதையில்லையாம். எங்கட ஆளில்லைத்தான். இந்த ஊர்த் தண்ணியைக் குடிக்கிறம், அப்ப எங்களுக்கும் முன்னோன்தானே.

அவனுக்கொரு கூட்டாளி, புரூனோ. அதே சுரங்கம், அதே டீம். அந்தச் சுரங்கத்தில ஒரு வழக்கமாம். கீழ இறங்கமுந்தி வீட்டு உடுப்பைக் கொளுவியில மாட்டி, சங்கிலியால முகட்டுக்கு இழுத்துப் பூட்டிப்போட்டு, அந்தப் பூட்டுத் திறப்பைக் கூட்டாளியிட்டக் குடுக்கிறது. போனவன் கீழ செத்தால், உடுப்பைப் பெஞ்சாதியிட்டச் சேர்க்கிறது கூட்டாளியின்ர கடமை. அப்பிடி நம்பிக் குடுக்கிற திறப்பு, பாருங்கோ.

ஒருநாள் நாட்டு டீமுக்கு ஆள் எடுக்கிறவர் வாறார். எவால்டைப் பாக்கத்தான் வாறார். அண்டைக்கு எவால்டுக்குக் காலமை வேலை, புரூனோவுக்கு லீவு. எண்டாலும் வழக்கப்படி திறப்பை வாங்க மட்டும் காலமை வந்திட்டுப் போனவன். எவால்ட் உடம்பெல்லாம் கரியோட மேல ஏறி வந்தால் புரூனோவைக் காணேல்லை. விளையாட்டுச் சப்பாத்தும் உடுப்போட முகட்டில பூட்டினபடி தொங்குது. பாத்தானாம், பாத்தானாம், வாறான் வாறான் எண்டு பாத்தானாம். "அவனுக்கு பஸ் பிந்தியிருக்கும்," எண்டு மற்றவங்களுக்கும் சொன்னானாம், பாவம்.

கடைசியில அந்தக் கரியோடயே மைதானத்துக்கு ஓடினான். விளையாட்டு முடியிற நேரம். ஒன்பதாம் நம்பர் சேட்டோட நிக்கிறான் புரூனோ! "எவால்டுக்கு வர விருப்பமில்லையாம், என்னை விளையாடச் சொன்னவன்," எண்டு கோச்சிட்டச் சொல்லிப்போட்டான். கோலும் அடிச்சுப்போட்டான், நாட்டு டீமுக்கும் எடுபட்டிட்டான். எனக்கு இப்ப சொல்லேக்கையும் வயிறு எரியுது.

புரூனோ ஓடிவந்து கட்டிப்பிடிச்சானாம். "நீ எண்டைக்கும் எடுபடுவாய். எனக்கு இண்டைக்கு விட்டால் இல்லை. கேட்டிருந்தால் விட்டுத் தந்திருப்பாய்தானே?"

எவால்ட் அவன்ர கையை விலக்கினானாம். "மாட்டன். தந்திருக்கவே மாட்டன். ஆனா நீ கேட்டிருக்கவேணும்."

ஆள் எடுக்கிறவர் பிறகு இந்தப் பக்கம் வரேல்லை. புரூனோ நாடு நாடாப் போனான். எவால்ட் தலை நரைக்குமட்டும் இந்த மைதானத்திலதான் கோல் அடிச்சான். திறப்பைப் பிறகு ஒருத்தரிட்டயும் குடுக்கேல்லையாம், பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டே சுரங்கத்துக்க இறங்கினானாம்.

அதாலதான் இண்டைக்கும் இஞ்ச பந்து உருளமுந்தி, டீம் முழுக்க ஒன்பதாம் நம்பர்காரனைச் சுத்தி நிண்டு, "உன்ர இடத்தைத் தருவியோ?" எண்டு கேக்கிறது. அவன் "மாட்டன்!" எண்டு கத்தவேணும். சனம் சிரிக்கும். தரமாட்டான் எண்டு எல்லாருக்கும் தெரியும். எண்டாலும் கேக்கவேணும்.