சம்பந்திகள் வாங்கிய ஷார்ட்ஸ்

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சம்பந்தி சார். நீங்க 'உக்கார்ற எடம்'னு சொன்னது தெருவுல போறவங்களுக்கே கேட்டிருக்கும்.

— கேக்கட்டுமே! ஆயுசு பூரா ரயில்வே ஸ்டேஷன்ல மைக் முன்னாடி உக்காந்து, எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வருதுன்னு சொன்ன தொண்டை சம்பந்தி இது. ரகசியம் பேச வராது. கவனிம்மா, விஷயம் இதுதான். சைக்கிள் ஓட்டி ஓட்டி இவருக்கு உக்கார்ற எடம் புண்ணாப் போச்சு. மெத்தை வெச்ச கால்சட்டை ஒண்ணு குடு. எனக்கும் ஒண்ணு.

— இதுக்கு ஏன் அங்கிள் வெக்கம்? இந்தக் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு அதுக்குத்தான் வர்றாங்க. மீதிப் பேரு சொல்ல வாய் வராம, ஹேண்டில்பார்ல மாட்டற மணியை வாங்கிட்டுப் போயிடுவாங்க.

— அதாவது... நானும் ஒரு மணி வாங்கிக்கறேனே.

— பாத்தியாம்மா? இத்தனைக்கும் மருந்துக்கடை வெச்சிருக்காரு. ஊர்க்காரங்க மூலத்துக்கெல்லாம் முகம் சுளிக்காம களிம்பு எடுத்துக் குடுக்கற மனுஷன். தனக்குன்னு வந்தா வாய்ல பூட்டு.

— மருந்துக்கடை அங்கிள், நீங்க சொல்லுங்க. எலும்பு படற எடம் வலிக்குதா, தோல் உரசற எடம் எரியுதா?

— அதாவதும்மா... ரெண்டும்.

— ஒரு வாரமா நின்னுக்கிட்டே சாப்பிடறாராம்! வீட்டம்மா ஏன்னு கேட்டதுக்கு, நின்னு சாப்பிட்டா ஜீரணத்துக்கு நல்லதுன்னு சொல்லியிருக்காரு. இப்ப அந்தம்மாவும் நின்னுக்கிட்டே சாப்பிடறாங்களாம்.

— சம்பந்தி சார்!

— சரி, சரி. வாயை மூடிக்கறேன்.

— சம்பந்தி சம்பந்திங்கறீங்களே, நெசமாவே சம்பந்திங்களா?

— ஆமாம்மா. என் பையனுக்குத்தான் இவர் பொண்ணைக் குடுத்தாரு. அது இருக்கட்டும், அந்தத் தடியா இருக்கு பாரு, அதை எடு. ரெண்டு தலையணை வெச்சுத் தெச்ச மாதிரி இருக்கு. சம்பந்திக்கு அதான் சரி.

— எல்லாரும் அதைத்தான் மொதல்ல கேப்பாங்க. தடியா இருந்தா சுகம்னு நெனைக்காதீங்க அங்கிள். ஓட்ட ஓட்ட அது நடுவுல சுருண்டு, அதுவே குத்த ஆரம்பிச்சுடும். இதைப் பாருங்க. எலும்பு ரெண்டும் படற எடத்துல மட்டும் அழுத்தம், ஓரம் போகப் போக மெல்லிசு. உள்பக்கம் தடவிப் பாருங்க, தையல் விரல்ல தட்டுதா?

— அதாவது, தட்டலை. வழவழன்னு இருக்கு.

— தட்டினா அந்த எடத்துலதான் தோல் உரியும். தொடையில கவ்விப் பிடிக்கணும், ஆனா கழட்டறப்ப தடம் ஆழமா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணு சொல்லிடறேன். இங்க போட்டுப் பாக்கறப்ப இருக்கட்டும், ஆனா ஓட்டறப்ப இதுக்கு உள்ள வேற எதுவும் போடக் கூடாது.

— எதுவும்னா?

— எதுவும்னா எதுவும்தான் அங்கிள்.

— ஜட்டியுமா!

— சம்பந்தி சார், மெதுவா!

— ஜட்டியும்தான். அந்தத் தையல்தான் உரசறதுக்கே காரணம்.

— அட கடவுளே. இத்தனை வயசுக்கு மேல இது ஒண்ணுதான் பாக்கி. சரி, குடு. நான் எங்கயும் பின்வாங்கினவன் இல்ல. எனக்கென்ன தோள்ல வார் எல்லாம் வெச்சுக் குடுக்கறே? பள்ளிக்கூடம் போற புள்ள மாதிரி?

— அது பிப் ஷார்ட்ஸ் அங்கிள். இடுப்புல எலாஸ்டிக் இருக்காது, தோள் தாங்கிக்கும். வயித்தை அழுத்தாது.

— எந்த வயித்தை?

— இருக்கற வயித்தைத்தான் அங்கிள்.

— ஹா! இந்தப் பொண்ணு பொழைச்சுக்கும் சம்பந்தி. வாங்க, ஆளுக்கொரு ரூம். உள்ள போயிட்டு ஓடிடாதீங்க, பின்னாடி வாசல் கிடையாது, பாத்துட்டேன்.

— அதாவது, நான் அப்புறமா...

— போங்கங்கறேன்!

— திரையை நல்லா இழுத்து விட்டுக்கோங்க. நான் இன்னொரு அளவு எடுத்துட்டு வந்துடறேன்.

— சம்பந்தி? உள்ளதானே இருக்கீங்க? சத்தமே காணோம்.

— இருக்கேன். அந்தப் பொண்ணு போயிடுச்சா?

— போயிடுச்சு. என் கால் எதுலயோ மாட்டிக்கிட்டு வர மாட்டேங்குது, இருங்க. ம். சொல்லுங்க.

— அதாவது சம்பந்தி சார், நான் ஒண்ணு சொல்லணும். மொகத்தைப் பாத்துச் சொல்ல வராது, நடுவுல இந்தத் தட்டி இருக்கறதால சொல்றேன். இந்த சைக்கிளை நிறுத்திக்கலாம்னு இருக்கேன். அதைச் சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன். நீங்க பஸ் ஸ்டாண்டுல பாத்ததுமே கையைப் பிடிச்சு இங்க இழுத்துட்டு வந்துட்டீங்க.

— ம்.

— கோவமா?

— கோவமென்ன கோவம். போன ஞாயித்துக்கிழமை நீங்க வரலையே, நான் எவ்வளவு நேரம் பாலத்துல உக்காந்திருந்தேன்னு தெரியுமா? ரெண்டு பேருக்குப் போட்டு எடுத்துட்டு வந்த டீ. ஒரு கப்பைக் குடிச்சேன். இன்னொண்ணை ஊத்திக் கைப்பிடிச் சுவர் மேல வெச்சுட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஆறிப் போனப்புறம் அதையும் நானே குடிச்சேன். நல்லாவே இல்ல.

— நீங்க இவ்வளவு மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல.

— சைக்கிள் இல்லேன்னா வேற எந்தச் சாக்குல நாம பாக்கறது சம்பந்தி? யோசிச்சீங்களா? நீங்க என் வீட்டுக்கு வருவீங்களா, நான் உங்க வீட்டுக்கு வர முடியுமா?

— அதாவது... முடியாதுதான்.

— அப்ப? எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளே இல்லாம இல்ல. ரிட்டயர் ஆனவங்க கூட்டமே பார்க்குல உக்காந்திருக்கு. எல்லாரும் சர்க்கரை அளவு பேசறாங்க. நீங்க ஒருத்தர்தான் நான் பேசறப்ப நடுவுல பேச மாட்டீங்க.

— பேச எடம் விட்டாத்தானே?

— பாத்தீங்களா, இப்படி ஒரு வார்த்தை. வாரம் பூரா அதை நெனைச்சுச் சிரிச்சுக்குவேன்.

— ரெண்டு அங்கிளும் வெளிய வாங்க, பாக்கலாம். சைஸ் கொண்டு வந்துட்டேன்.

— இரும்மா, இரும்மா. என்னால நிமிர முடியலை. இந்த வார் என்னை வில்லு மாதிரி வளைச்சு வெச்சிருக்கு. சின்னதாப் போச்சு!

— நிமிராதீங்க. சைக்கிள் மேல நிமிர்ந்தா உக்காரப் போறீங்க? குனிஞ்சு ஹேண்டிலைப் பிடிக்கற மாதிரி நில்லுங்க. இப்ப எப்படி இருக்கு?

— அட! ஆமா. வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு.

— அதான் சொன்னேன். நின்னா இழுக்கணும், குனிஞ்சா சரியா இருக்கணும். அதுதான் அளவு. ஒரே ஒரு கஷ்டம், பாத்ரூம் போகணும்னா மேல் சட்டையைக் கழட்டணும்.

— ரோட்டோரத்துலயா? பாக்கறவன் நான் ஆத்துல குதிக்கப் போறேன்னு நெனைச்சுப்பான்.

— மருந்துக்கடை அங்கிள், நீங்களும் வாங்க. துண்டை எதுக்குக் கட்டிக்கிட்டு வர்றீங்க?

— அதாவது, துண்டோட பாத்து சரியான்னு சொல்லிடும்மா.

— துண்டைக் குடுங்க. அய்ய, எவ்வளவு நல்லாப் பொருந்தியிருக்கு! இந்த ஸ்டாண்ட்ல மாட்டியிருக்கற சைக்கிள்ல ஏறி உக்காருங்க. மிதிங்க. எங்கயாவது மடங்குதா?

— இல்ல. அதாவது... அடடே. வலிக்கலையே.

— சிரிக்கறாரு பாரு! சம்பந்தி சிரிக்கறாரும்மா!

— அது சரி அங்கிள், ஆனா இதை மட்டும் மாட்டினாப் போதாது. உங்க கால் பாருங்க, இந்த சீட் உயரத்துக்கு நல்லா நீளுது. உங்க சைக்கிள்ல இப்படித்தான் நீளுமா?

— இல்ல. முட்டி வந்து மாருல இடிக்கற மாதிரி இருக்கும். சீட் இன்னும் கீழ இருக்கு.

— அப்ப மொத்த எடையும் சீட்லதானே எறங்கும், வலிக்காம என்ன செய்யும்? ஏன் அங்கிள் ஒசத்தலை? ஒரு ஸ்பேனர் வேலை.

— அதாவதும்மா, அது என் பொண்ணோட சைக்கிள். அவ உயரத்துக்கு வெச்சது. அவ மறுபடி எப்பவாவது ஓட்டணும்னு வந்தா, எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கேனேன்னு நெனைக்கக் கூடாது பாரு. அதான் தொடலை.

— ஓ. ஜோடியா வாங்கினதா? இந்த அங்கிள் ஓட்டறது அவர் பையனோடதா?

— ஆமாம்மா. பையனும் மருமகளும் கல்யாணமான புதுசுல வாங்கினது. ஒரே கலர்ல ஒரே நாள்ல வாங்கி, ஒரே வாரத்துல ஓட்டறதை விட்டுட்டாங்க. துருப்பிடிச்சுப் போகுதேன்னு நான் ஒருநாள் எடுத்து மிதிச்சேன். பாலத்துக்கிட்ட மூச்சு வாங்க நின்னா, எதிர்ல அதே கலர்ல இவரு! கூடை வெச்ச சைக்கிள்ல, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு.

— சம்பந்தி சார், அதைச் சொல்லியே ஆகணுமா?

— அன்னிக்கு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு, பேசறதா வேண்டாமான்னு நின்னோம். இவருதான் மொதல்ல, 'அதாவது, தண்ணி இருக்கா'ன்னாரு... ஒரு நிமிஷம்மா, ஃபோன். ஹலோ? ஆமா. இல்ல, வாக்கிங்தான் போயிட்டிருக்கேன். தனியாத்தான். யாரும் இல்ல. மூச்சு எதுக்கு வாங்குதா? குனிஞ்சு நிக்கறேன், அதான். ஷூ லேஸ் கட்டறேன். வெச்சுடு.

— அங்கிள்! இப்படியா பொய் சொல்வீங்க?

— எனக்கும் வருதும்மா ஃபோன். மன்னிச்சுக்கோ. ஹலோ, சொல்லு. அதாவது, மருந்து கம்பெனி ஏஜென்ட்டைப் பாக்க வந்தேன். உக்காந்துதான் பேசறேன். ஆமா, இப்ப உக்கார முடியுது. சாயங்காலம் உக்காந்தே சாப்பிடலாம்.

— ரெண்டு பேருமா! வீட்ல சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு சொல்றாங்களா?

— சைக்கிள் ஓட்டறது தெரியும். கூட யாரு ஓட்டறாங்கங்கறதுதான் தெரியாது.

— அதாவது, நான் ஒரு ரோட்ல வருவேன், இவரு ஒரு ரோட்ல வருவாரு. பாலத்துக்கு நடுவுல சேந்துக்குவோம். திரும்பறப்பவும் தனித்தனியா.

— லவ் பண்றவங்க மாதிரி பேசறீங்களே அங்கிள்!

— லவ் பண்ணவங்களுக்குக் கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது போ. கவனி, இப்ப இதைப் பேக் பண்ணு. சம்பந்தி... நீங்க என்ன சொல்றீங்க? உங்களுக்கு வேணுமா, வேணாமா? உள்ள சொன்னீங்களே, அதான் முடிவா?

— அதாவது...

— சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

— ஏம்மா, இதுல இன்னொரு ஜோடி இருக்கா? ஒண்ணு துவைச்சுப் போட்டா மாத்தறதுக்கு வேணுமே. அப்புறம் அந்த ஸ்பேனரையும் குடு. சீட்டை ஒசத்திடறேன். அவ வந்து கேட்டா, மறுபடி எறக்கிக் குடுத்துக்கலாம்.

— சம்பந்தி!

— மெதுவா. கடை அதிருது. அணை வரைக்கும் போலாம்னு சொல்லிட்டிருந்தீங்களே, இந்த ஞாயித்துக்கிழமை போலாமா?

— போலாமாவா? இப்பவே கூட்டிட்டுப் போவேன், இந்தக் கோலத்துலயே!

— ரெண்டு பேரும் மொதல்ல கழட்டிட்டு வாங்க, நான் பில் போடணும். உங்களைப் பாக்கறப்ப எனக்குப் பொறாமையா இருக்கு அங்கிள். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். எங்கப்பாவையும் வரப்போற மாமனாரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்க முடியலை. பத்திரிகையில யார் பேரு பெருசா வரணும்னு ஆரம்பிச்சது, இப்ப ஃபோன் பண்ணாக்கூட என்னை நடுவுல வெச்சுத்தான் பேசிக்கறாங்க. 'உங்கப்பா கிட்ட சொல்லு', 'உன் மாமனாருகிட்ட சொல்லு'ன்னு. இதெல்லாம் பாத்துட்டு, இந்தக் கல்யாணம் நல்லா இருக்குமான்னே பயமா இருக்கு.

— அட, அதுக்கெல்லாம் மனசு தளரக் கூடாதும்மா. அவங்க ரெண்டு பேரையும் ஒருநாள் எங்ககிட்ட அனுப்பு. மிதிச்சு மூச்சு வாங்க வெச்சுட்டா, சண்டை போட மூச்சு இருக்காது.

— நெசமாவே அனுப்பறேன் அங்கிள். வாங்க, ரெண்டு பேரும் பக்கத்துல நில்லுங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துத் தர்றேன். பொண்ணுக்கும் பையனுக்கும் அனுப்புங்க, பாத்தா சந்தோஷப்படுவாங்க.

— அதாவது, ஃபோட்டோ வேணாம்மா.

— ஆமாம்மா, வேணாம்.

— ஏன் அங்கிள்? ரெண்டு அப்பாவும் இப்படி ஒட்டிக்கிட்டு இருந்தா புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னு ஒண்ணு வருமா? உங்க பொண்ணும் இவர் பையனும் ரொம்பக் குடுத்து வெச்சவங்க. என்ன, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறீங்க? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்லம்மா, தப்பா ஒண்ணும் சொல்லலை. அதாவது... அவங்க ரெண்டு பேரும் விவாகரத்து வாங்கிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும்தான் இன்னும் வாங்கலை.